விலைக்கு இல்லாத ராணி

"அந்த ராணி விலைக்கு இல்ல அண்ணாச்சி," என்றாள் பாண்டிமீனா.

ஐஸ்வர்யாவுக்குச் சுருக்கென்றது. நேற்று போனில் இவள்தானே சொன்னாள், கலப்பினத்தில் இரண்டு ராணித் தேனீ தயாராக இருக்கிறது, நேரில் வந்து பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று? அதை நம்பித்தான் சிவகாசியிலிருந்து மாமனாரை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு ஆமத்தூர் வரை வந்திருந்தாள்.

மாமனார் ரத்தினசாமி பட்டாசுக் கம்பெனியில் வெடியை வெடித்துப் பார்த்துச் சரிசொல்லும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கொல்லையில் இருந்த ஒரே தேனீப் பெட்டியில் ராணி செத்துப்போனதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. சீக்கிரம் புது ராணி வைக்காவிட்டால் மொத்தக் கூட்டமும் அழிந்துவிடும்.

இவர்கள் வந்ததும் பாண்டிமீனா முகத்தில் வலையைப் போட்டுக்கொண்டு, வேப்பமரத்தடியில் இருந்த இரண்டு பெட்டிகளைத் திறந்து காட்டினாள்.

"உங்க வீட்ல பெட்டிய எங்கன வச்சிருக்கீக அண்ணாச்சி?"

ரத்தினசாமி பதில் சொல்லவில்லை. அவள் வலையை மேலே தூக்கிவிட்டு மறுபடி கேட்டாள்.

"கொல்லைச் சுவரு ஓரமாத்தான் தாயி. மூணு பக்கமும் காகிதக் குடோன்."

அதற்குப் பிறகு அவள் வலையை இறக்கவே இல்லை. 'தேனீக்காரிக்கு எம்புட்டு வீம்பு!' என்று நினைத்துக்கொண்டாள் ஐஸ்வர்யா.

வலது பெட்டியில் தேனீக்கள் சாதுவாக ஊர்ந்துகொண்டிருந்தன. இடது பெட்டியில் அடை வழியத் தேன். ஆனால் திறந்த மாத்திரத்தில் உள்ளேயிருந்து ஓர் இரைச்சல் கிளம்பியது. ஐஸ்வர்யா ஒரே ஓட்டமாக மரத்துக்குப் பின்னால் போய் நின்றாள். ரத்தினசாமி இன்னும் கொஞ்சம் குனிந்து, பெட்டிக்குள் தலையைவிடாத குறையாகப் பார்த்தார்.

"இதுதான் வேணும். எம்புட்டுத் தேனு!"

"இது கோவக்கார ராணி அண்ணாச்சி. ராணி குணந்தான் பெட்டிக் குணம். வலப்பக்கத்து ராணிய எடுத்துக்கோங்க. தேன் பாதிதான் கிடைக்கும், ஆனா வீட்டுக் கொல்லைக்கு அதுதான் தோது."

"முப்பது வருசம் வெடியோட குடித்தனம் பண்ணவன் நானு. ஈக்கா பயப்படுவேன்?"

"கோவத்த அடக்கப் புகை போடணும். குடோனுக்கு நடுவுல எங்கிட்டுப் போடுவீக?"

"புகை எதுக்கு? நான் கைய வச்சா அதுவே அடங்கும்."

பாண்டிமீனா ஒரு நொடி அவரையே பார்த்தாள். அப்போதுதான் சொன்னாள், அந்த ராணி விலைக்கு இல்லை என்று.

"ஏற்கெனவே ஒருத்தரு சொல்லி வச்சிட்டாரு. எனக்குத்தான் மறந்துபோச்சு."

சொல்லி முடிப்பதற்குள் ஒரு தேனீ அவள் கன்னத்தில் கொட்டியது. நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எறிந்துவிட்டு அப்படியே நின்றாள்.

"பெரிய இடத்து ஆளு யாராச்சும் கேட்டிருப்பாக. அதானக்கா?" என்றாள் ஐஸ்வர்யா.

"அப்படியே வச்சுக்கோ தங்கச்சி."

ரத்தினசாமியின் முகம் தொங்கிப்போனது. ஊசியால் துளையிட்ட தீப்பெட்டிக்குள் சாது ராணியையும், துணைக்கு நாலைந்து தேனீக்களையும் அடைத்து நீட்டினாள் பாண்டிமீனா. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வாசலுக்கு நடந்தார்.

"மாமா, கொஞ்சம் நில்லுங்க!"

திரும்பவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே கூத்துதான். அடுப்படியிலிருந்து தொண்டை வறளக் கூப்பிட்டாலும் ஒரு 'ம்' கிடையாது. மருமகள் என்றால் அவ்வளவு இளப்பம்.

மரத்தடியில் வைத்த ஹெல்மெட்டை எடுக்க ஐஸ்வர்யா திரும்பி வந்தபோது, புதிதாக ஒருவர் பாண்டிமீனாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இருக்கன்குடிப் பக்கம் முருங்கைத் தோப்புங்க. தேன் நிறையக் கிடைக்கிற மாதிரி ராணி ஏதும் இருக்கா?"

"இடப்பக்கப் பெட்டியில இருக்கு. தோப்புக்குச் சரியா இருக்கும். எடுத்துக்கோங்க."

ஐஸ்வர்யாவுக்குக் கொதித்தது. "இவருதான் சொல்லி வச்சவரா?"

"நானா? இந்த வீட்டயே இன்னைக்குத்தாம்மா பாக்குறேன்," என்றார் அவர்.

பாண்டிமீனா அவளைத் தனியே இழுத்துப் போனாள்.

"சண்டைக்கு வந்துட்ட, அதனால சொல்றேன். கொட்ட வர்றதுக்கு முன்னாடி தேனீ சத்தத்த மாத்தும். அதக் கேட்டுத்தான் நாம விலகணும். நீ ஓடுன. அவுக குனிஞ்சாக."

"அவுகளுக்குப் பயங்கிறதே கிடையாது."

"பயம் இல்லாம இல்ல, காது கேக்கல. எங்கய்யாவும் இதே வெடி வேலைதான் பாத்தாக, அந்தச் சத்தத்துலயே காது போயிருச்சு. வாயசைவப் பாத்தே ரொம்ப காலம் சமாளிச்சாக, எங்கம்மாவுக்கே தெரியாது. மருமகள வச்சுக்கிட்டு, உங்களுக்கு இந்த ராணி ஆகாது, காது கேக்காதுன்னு எப்படிச் சொல்ல? பொய்தான் சொன்னேன்."

ஐஸ்வர்யா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ரத்தினசாமி முதுகைக் காட்டியபடி ஸ்கூட்டி பக்கத்தில் நின்றிருந்தார். அவள் கூப்பிடவில்லை. சுற்றிப் போய் அவருக்கு எதிரே நின்றாள்.

"போவமா மாமா?"

"போவம் தாயி," என்றார் உடனே.

தீப்பெட்டி இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பாவம், அந்தப் பொண்ணுக்குக் கன்னம் வீங்கிப்போச்சு, பாத்தியா?"

"வலையத் தூக்கிவிட்டுப் பேசினா கொட்டாதா மாமா?"

"எனக்காகத்தான் தூக்குச்சு," என்றார் ரத்தினசாமி. "வாயப் பாக்காட்டி எனக்கு ஒண்ணும் விளங்காதுன்னு, வீட்ல ஒருத்தருக்கும் தெரியாதது அதுக்கு எப்படித் தெரிஞ்சுதோ!"