வாடாத புல்

விளையாட்டுத் திடலில் புதிதாக விரித்திருந்த பிளாஸ்டிக் புல்லைப் பார்த்ததும் ஆள்காட்டிக் குருவிக்கு மனம் நிறைந்துவிட்டது. மேகம் மூடிய நாட்கள் அவை. அந்தப் பச்சையின் நடுவே மூன்று முட்டைகளை இட்டது.

"இங்கே வேண்டாம் அக்கா. வெயில் வந்தால் நான் கொதிப்பேன்" என்றது புல்.

"புல் எங்கேயாவது கொதிக்குமா?" என்று சிரித்தது குருவி.

முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் தட்டத் தொடங்கிய அன்று மேகம் விலகியது. நண்பகலில் குருவியின் கால்கள் பொசுங்கின. குளத்துக்குப் பறந்து, வயிற்று இறகை நனைத்துவந்து முட்டைகள்மேல் உட்கார்ந்தது. மறுபடியும் பறந்தது. கொண்டுவந்த ஈரமெல்லாம் நொடியில் காய்ந்தது.

"கொஞ்சம் தண்ணீரையாவது பிடித்து வையேன்!" என்று கதறியது.

"பிடித்துவைக்க எனக்கு வேர் இல்லையே அக்கா. அடியில் இருப்பதும் மண் இல்லை, ரப்பர்த் துகள்" என்று புல்லும் அழுதது.

பொழுது சாய்ந்தது. குருவி ஒவ்வொரு முட்டையிலும் காதை வைத்துக் கேட்டது. உள்ளே யாரும் தட்டவில்லை.

"இப்போது ஆறிவிட்டேன் அக்கா" என்றது புல், மெதுவாக.

குருவி முட்டைகளை இறகால் இன்னும் நெருக்கமாக அணைத்துக்கொண்டது.