பிறந்த வீட்டில் யாருக்கும் இல்லை

"மூஞ்சிய ஏன் மாமா இப்படி வச்சிருக்கீங்க? கட்டி எனக்கா, உங்களுக்கா?"

பெரம்பலூர் டாக்டரின் அறைக்குள் போகும்வரை அம்சவள்ளி இப்படித்தான் கணவனைச் சீண்டிக்கொண்டிருந்தாள். பழனிவேலுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய அம்மா பச்சையம்மாள் மார்பில் கட்டி வந்து, புண்ணாகி, செத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இப்போது மனைவிக்கும் சுண்டைக்காய் அளவில் ஒன்று.

டாக்டர் தொட்டுப் பார்த்தார். கை கழுவியபடியே கேட்டார்.

"பொறந்த வீட்டுல யாருக்காவது இப்படி இருந்துச்சாம்மா?"

"எங்க வூட்டுலயா? யாருக்கும் இல்லீங்க. மாமியாருக்குத்தான். நான்தான் புண்ணைக் கழுவி, கஞ்சி ஊத்திப் பாத்துக்கிட்டேன்."

அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று டாக்டருக்குப் புரிந்தது.

"இது தொத்து நோய் இல்லம்மா. மாமியார்கிட்டேர்ந்து மருமகளுக்கு வராது. சின்ன வயசு, பொறந்த வீட்டுலயும் இல்லங்கிறே. சாதாரணக் கட்டியாத்தான் இருக்கும். பெருசானா வா."

பழனிவேல் கும்பிட்டான்.

குரும்பலூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அம்சவள்ளி சொன்னாள்: "காதுத் தோட்டையே எனக்குக் கழட்டிக் குடுக்கல உங்கம்மா. நோவையா குடுத்துடும்?"

முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி அவன் சிரித்தான்.

மறு வருடம் தை பிறக்கும்போது அவள் இல்லை.

கருமாதியன்று பந்தலில் அவளுடைய அப்பா முத்துசாமி, துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "செட்டிகுளத்துல எங்க வூட்டுல எவளுக்கும் இந்த நோவு கெடையாதுங்க. வாக்கப்பட்ட எடத்துல வந்தது."

பேத்தி மலர்கொடி அவர் தோளில் சாய்ந்திருந்தாள்.

தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்த பழனிவேல் மெல்ல நிமிர்ந்தான். மாமனாரின் முகவாய் அம்மாவுடையதைப் போலவே இருந்தது. இருக்காதா பின்னே? பச்சையம்மாளின் கூடப்பிறந்த அண்ணன் அவர். இருவரும் பிறந்தது அதே செட்டிகுளத்து வீட்டில். டாக்டர் கேட்டபோது அது அம்சவள்ளிக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் நின்ற அவனுக்கும் தோன்றவில்லை.

அவன் மகள் மலர்கொடியைப் பார்த்தான்.

"மாமா, எங்கம்மா எந்த வூட்டுப் பொண்ணு?"

அவர் யோசிக்கவே இல்லை.

"குடுத்தப்புறம் அது உங்க வூட்டுப் பொண்ணுதானே மாப்ள."

செட்டிகுளத்து வீட்டில் அந்த நோய்க்கு இன்றுவரை யாரும் சாகவில்லை.