இன்னுமா கறுப்புப் பொடி?

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெருவில் பெயர் ரேடியோ; அவள் இப்படி ஆரம்பித்தால், கோபம் வரப்போகிறது என்று அர்த்தம். இடுப்பில் கைக்குழந்தை, கையில் ஈரத்துணி. இரண்டு வீட்டுக்கும் பொதுவான கேட்டில் பதிந்திருந்த கறுப்பு விரல் தடங்களைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் எப்படி தினமும் கறுப்பா வர்றார்?"

"இதென்ன கேள்வி? வார்ப்படப் பட்டறையில அச்சுக்காரர் வேற எப்படி வருவாராம்? இரும்பை உருக்கி ஊத்துறதுக்கு முன்னாடி மணல் அச்சு மேல பொடி தூவணும். தூவினா மேல படத்தான் செய்யும். உங்க வீட்டுக்காரரும் அங்கதானே வேலை பார்க்கிறார்?"

"அதைத்தான்க்கா நானும் சொல்றேன்! எங்க வீட்டுக்காரர் மாவு மில்லுல விழுந்து புரண்ட மாதிரி வெள்ளையால்ல வர்றார்! கறுப்புப் பொடியை நிறுத்தி, வெள்ளைப் பொடி வந்து மூணு மாசமாச்சே. இவன் பிறந்த வாரம்தான் மாத்தினாங்க. ஒரே பட்டறை, ஒரே ஷிப்ட். உங்காளு மட்டும் எங்க போய்க் கறுப்பாகுறார்?"

குரலை இறக்கினாள். ரேடியோ குரலை இறக்கினால் நாலு வீட்டுக்கு மட்டும்தான் கேட்கும்.

"சட்டைக் காலரைப் பார்த்தீங்களா? எனக்கென்னமோ கண்மை மாதிரி இருக்கு."

அச்சுக்காரர் மனைவி விறுவிறுவென்று உள்ளே போனாள். ஊறப்போட எடுத்து வைத்திருந்த சட்டையைக் காகிதத்தில் ஒரு தேய் தேய்த்தாள். பென்சிலால் கிறுக்கின மாதிரி சாம்பல் கோடு, மினுமினுவென்று.

கண்மை இல்லை. பட்டறைப் பொடிதான்.

அப்பாடா என்று விட்ட மூச்சு பாதியில் நின்றது. எந்தப் பட்டறைப் பொடி?

சாயங்காலம் அச்சுக்காரர் வந்தார். மூக்கு கறுப்பு, காது கறுப்பு, சிரித்தால் பல் மட்டும் வெள்ளை.

"ஏங்க, பட்டறையில இப்போ என்ன பொடி?"

"பொடியா? அதே பொடிதான்."

"எதே பொடி?"

"அதே... கறுப்புப் பொடி. இத்தனை வருஷமா நீதானே துவைக்கிறே?"

"புதுசா எதுவும் வரலையா?"

"மேஸ்திரிக்கு வந்த தொப்பைதான் புதுசு."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

"'அதே பொடிதான்!'" என்று அவர் குரலிலேயே இழுத்துக் காட்டினாள். "பொய் சொல்லும்போது உங்களுக்கு மூக்கு விடைக்கும். கறுப்பு பூசினாலும் தெரியுது. பெட்டி கட்டி வெச்சிருக்கேன். உண்மையைச் சொல்லலைன்னா இப்பவே எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பறேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் கேட் திறந்தது. ரேடியோவின் கணவர். தலை முதல் கால்வரை வெள்ளை. கல்யாணமானதிலிருந்தே பேச வாய்ப்புக் கிடைக்காத மனிதர். தெருவில் அவருக்குப் பெயர் மௌனசாமி.

"வந்துட்டார் சாட்சி!" இடுப்பில் குழந்தையும் தோளில் ஈரத்துணியுமாகக் காத்திருந்த ரேடியோ அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "சொல்லுங்க, அண்ணே வேலைக்கு வர்றாரா, இல்லையா?"

மௌனசாமி அச்சுக்காரரைப் பார்த்தார். அச்சுக்காரர் 'வேண்டாம்' என்பது போல லேசாகத் தலையாட்டினார். அது போதாதா! மனைவி போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"வரல அண்ணி" என்றார் மௌனசாமி. "மூணு மாசமா வரல."

"ஐயோ!"

"ஒரு அச்சு வரிசைக்குப் பொடி தூவாம விட்டுப்போச்சு. மணலெல்லாம் இரும்போட ஒட்டி, வார்த்தது மொத்தமும் வீண். யாரு வேலைடா இதுன்னு முதலாளி கத்தினார். 'நான்தான் மறந்துட்டேன்'னு அண்ணன் முன்னாடி போய் நின்னார். அன்னைக்கே வெளியே அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம்தான் வெள்ளைப் பொடி வந்துச்சு. அண்ணன் இப்போ ஊர்க்கோடியில ஒரு சின்னப் பட்டறைக்குப் போறார். அங்க இன்னும் கறுப்புதான்."

ரேடியோ முழு சத்தத்துக்கு வந்தாள். "பார்த்தீங்களாக்கா? நான் சொல்லல? மூணு மாசமா என்ன நடிப்பு! பொடி தூவக்கூட மறக்குற மனுஷன்!"

மனைவி பெட்டியைக் கீழே வைத்தாள். "வேலை போறது எல்லாருக்கும் நடக்கிறதுதானே. என்கிட்டகூட ஏங்க மறைச்சீங்க?"

"உன்கிட்ட சொன்னா சுவரைத் தாண்டிடும்."

"தாண்டினா என்னவாம்?" ரேடியோவுக்குச் சுருக்கென்று வந்தது. "எனக்குத் தெரிஞ்சா குடியா முழுகிடும்?"

அவள் இடுப்பிலிருந்து குழந்தை அச்சுக்காரரைப் பார்த்துச் சிரித்தது. அதன் மூக்கை விரலால் தொட்டார். ஒரு கறுப்புப் பொட்டு.

"ஐயையோ, கறை!" ரேடியோ ஈரத்துணியைத் தூக்கினாள்.

"துடைக்காதே." மௌனசாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு நீ ஆஸ்பத்திரியில கிடந்தே. இவன் பிழைப்பானான்னு டாக்டராலயே சொல்ல முடியல. பட்டறையில எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

வெள்ளை படிந்த தன் இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினார்.

"பொடி தூவ மறந்தது இந்தக் கைதான்."