மூன்றில் ஒரு தீர்ப்பு

மலாயாவின் ரிங்லெட் தேயிலைத் தோட்டத்து பங்களாவில் ஓய்வெடுக்க வந்தும், நண்பர்களான நீதிபதிகள் இருவரும் தாங்கள் சேர்ந்து விசாரித்த அந்த மேல்முறையீட்டு வழக்கை விடவில்லை.

"பையில துப்பாக்கி இருந்துச்சு. துப்பாக்கி வச்சிருந்தாலே இங்க சட்டப்படி தூக்குதான், லியோனார்ட்," என்றார் ஆர்தர்.

"பையே அவனோடது இல்லன்னு நான் எழுதினேன். மூணு நீதிபதிங்கள்ல நான் தனியாளு. போன மாசம் தூக்குல போட்டுட்டாங்க. என் மனசாவது சுத்தமா இருக்குலா."

சொல்லிக்கொண்டே லியோனார்ட் நண்பரின் பக்கம் பிஸ்கட் தட்டை நகர்த்தினார்.

தேநீர் வைத்த பங்களா வேலைக்காரி இராசம்மா கேட்டாள்: "நாகப்பன் கேஸுங்களா? அவன் என் மகனுங்கய்யா."

லியோனார்ட் எழுந்துவிட்டார். "அம்மா, நான் விடச் சொல்லித்தான் எழுதினேன்."

"தெரியுங்கய்யா. அதை நம்பித்தான், கடைசியா பார்க்கப் போனப்பகூட, வீட்டுக்கு வரப் புதுச் சட்டை கேட்டான். இந்த அய்யா மாதிரி நீங்களும் எழுதியிருந்தா, சாகப்போறோம்னு தெரிஞ்சு, எங்கிட்ட கடைசியா சொல்லிட்டாவது போயிருப்பான்."