கையை விடுங்கடி!

போன ஆடி வெள்ளியன்று ரத்தப் பரிசோதனைக்காக என் விரலில் ஊசி குத்தும்போது, நான் அலறாமல் இருக்க என் மூத்த மகள் தவமணி சொன்ன கதை இது.

ஒரு சிவப்பணுவுக்குள், அதைக் காவல் காக்கும் குளூட்டாதயோன் என்ற ஒரே பேரில் இரண்டு தோழிகள் இருந்தார்களாம். கூடவே ரிடக்டேஸ் என்றொரு நொதியக்கா. ஒருநாள் ஆக்சிஜனிலிருந்து தெறித்து உள்ளே ஒரு தீப்பொறி விழுந்தது. தோழிகள் பாய்ந்து, கைகோத்து, அதை அமுக்கி அணைத்துவிட்டார்கள். அவ்வளவுதான், கோத்த கையோடு தட்டாமாலை சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள்!

“நாமதாண்டி அணைச்சோம்!”

“நம்மளை விட்டா யாருடி இருக்கா!”

“போதும், கையை விடுங்கடி. கை சும்மா இருந்தாத்தானே அடுத்த பொறியை அமுக்கலாம்” என்றாள் நொதியக்கா.

“பொறாமையா அக்கா?” என்று இன்னும் வேகமாகச் சுற்றினார்கள்.

அதற்குள் அடுத்த பொறி விழுந்தது. “ஐயையோ, நான் பொத்துக்கப் போறேன்!” என்று சிவப்பணு கத்தியது. தோழிகள் கையை உதறிப் பார்த்தார்கள். ஒட்டிக்கொண்ட கை பிரியவே இல்லை.

“அக்கா!” என்று அலறினார்கள்.

அக்கா ஓடிவந்து இருவர் அக்குளிலும் கிச்சுகிச்சு மூட்டினாள். கை பிரிந்தது. பாய்ந்தார்கள், பொறி அணைந்தது. ஆண்டவன் புண்ணியத்தில் சிவப்பணு பிழைத்தது.

அக்கா திரும்பிப் பார்த்தால், மறுபடியும் தட்டாமாலை!

கதை கேட்ட சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டீர்களே, கொஞ்சம் விடுங்கள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன்.