மூன்றடுக்கு கேக்

"கேமராவுல உங்களைப் பார்த்தோம். நேர்ல வாங்க" என்று புகைக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து போன் வந்ததும், கேக் கடைக்காரர் ஓடிப்போய் மனைவியிடம் சொன்னார்.

"தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!" என்றாள் மனைவி. "பழைய டீசல் வண்டி ஊருக்குள்ள நுழையணும்னா புகைக் கட்டணம் கட்டணும்னு சட்டம் போட்டாச்சு. கட்டித் தொலைக்க வேண்டியதுதானே?"

"தினம் ரெண்டு கேக்கோட லாபம் அதுலயே போயிடும்டி! அதனாலதான் எல்லைக்கோட்டுக்கு வெளியவே வண்டிய நிறுத்திட்டு, கேக்கைக் கையில தூக்கிட்டு மூணு தெரு நடக்கறேன்."

அலுவலகத்தில் அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கொட்டும் மழையில், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே குடையை இடுக்கிக்கொண்டு, இரண்டு கையிலும் மூன்றடுக்கு கேக்கை ஏந்தி ஒருவர் நடந்துகொண்டிருந்தார்.

"இது நீங்கதானே?"

"நான்தான் சார். ஆனா கோட்டுக்கு உள்ள வண்டி ஒரு அடிகூட வரல சார்."

"தெரியும். ஒரு மாசமா பாக்கறோம். நீங்க நடக்கற நேரத்துல இங்க ஒருத்தரும் வேலை பாக்கறதில்ல. இன்னிக்காவது கேக் சாயும்னு பந்தயம் கட்டித் தோத்ததுதான் மிச்சம்."

கடைக்காரர் பர்ஸை வெளியே எடுத்தார். "அபராதம் எவ்வளவு சார்?"

"அபராதமா? ஞாயித்துக்கிழமை என் பொண்ணுக்குப் பிறந்தநாள். இதே மாதிரி மூணடுக்கு கேக் வேணும். நீங்கதான் செய்யணும்."

போன உயிர் திரும்பி வந்தது கடைக்காரருக்கு. "ஆகட்டும் சார்! ஆனா பக்கத்துலயே எத்தனையோ கடை இருக்கே?"

"இருக்கு. ஆனா எங்க வீடு ஆறாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர்!"