அளவு பார்க்க மட்டும்

"நம்ம கடைக்கு வேலைக்கு வர்றியாம்மா?"

நாலு நாள் முன்னால் சம்சாத் அக்கா அவளைக் கேட்டது. கடை வாசலில், பொம்மைக்குத் துணி மாட்டிக்கொண்டே கேட்டது.

அவள் தலையாட்டினாள்.

"தீபாவளிக் கூட்டத்துக்கு ஆள் வேணும். வர்ற திங்கள் வந்துடு."

பத்தாம் வகுப்போடு நின்றவளை அதுவரை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அண்ணனிடம் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அதே கடையின் உள்ளறையில் நிற்கிறாள்.

போட்டுப் பார்க்கும் சுடிதாரின் முதுகுப்பக்க ஜிப் நகரவில்லை.

மேலேயும் ஏறவில்லை. கீழேயும் இறங்கவில்லை. உள்துணி பல்லில் சிக்கியிருக்க வேண்டும்.

ஸ்டூலின் மேல் அண்ணியின் போன். அதில் போட்டோ. இந்தச் சுடிதாரின் கழுத்தில் தொங்கும் அட்டை. கம்பெனிப் பெயரும் நம்பரும் தெளிவாக விழுந்திருக்கின்றன.

அந்த நம்பரைப் போட்டுத் தேடினால் இதே சுடிதார் போனில் மலிவாகக் கிடைக்கும். வீட்டு வாசலுக்கே வரும்.

அளவுதான் போனில் தெரியாது.

அண்ணிக்கும் அவளுக்கும் ஒரே அளவு.

கடைக்காரர்களைப் பேச்சில் பிடித்து வைப்பது அண்ணியின் வேலை. போட்டுப் பார்த்து, போட்டோ எடுத்து, பிடிக்கவில்லை என்று முகத்தை வைத்துக்கொள்வது அவள் வேலை. எத்தனையோ கடையில் செய்திருக்கிறாள்.

இந்தக் கடை வேண்டாம் அண்ணி என்று பஸ் ஸ்டாண்டிலேயே சொல்ல நினைத்தாள்.

நினைத்தாள்.

வெளியே தம்ளர் வைக்கும் சத்தம். அக்கா டீ வரவழைத்திருக்கிறாள்.

"உங்க கடைத் துணி மாதிரி வேற எங்க வருதுக்கா?" அண்ணியின் குரல்.

"நாத்தனாருக்கா எடுக்குறீங்க? பரவாயில்லையே."

"என்ன பண்றது. எங்களை விட்டா அதுக்கு யாரு இருக்கா."

அவள் இழுத்தாள். முதுகில் எங்கோ சின்னதாக ஒரு சத்தம்.

சட்டென்று கையை எடுத்தாள்.

கிழிந்துவிட்டதா? கண்ணாடியில் முகம்தான் தெரிந்தது. கழுத்தெல்லாம் வேர்வை. துணியில் பட்டால் கறையாகும். இரண்டு கையையும் உடம்பில் ஒட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரோ துப்பாக்கியை நீட்டினாற்போல.

கதவு அதிர்ந்தது.

"ஏய், உள்ளேயே குடித்தனம் பண்ணப்போறியாடி?"

போன் வெளிச்சம் அணையவில்லை. எப்படி அணைப்பது என்று விரலுக்கு மறந்துபோயிற்று. திரையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தாள்.

அண்ணி தோளைப் பார்த்தாள். இடுப்பைப் பார்த்தாள். அளவு பார்த்தாகிவிட்டது.

"ம்ஹூம். கலர் எடுப்பா இல்லை. உனக்கும் பிடிக்கலைதானே? கழட்டிக் குடு, போவோம்."

"ஜிப்பு..."

"திரும்பும்மா, நான் பாக்குறேன்," என்றாள் அக்கா. "அட, இது உன்னை விடமாட்டேங்குதே!"

மேஜை இழுப்பறையில் ஒரு மெழுகுவத்தித் துண்டு இருந்தது. அக்கா அதை ஜிப்பின் பல்லில் தேய்த்தாள். தோல் சிக்காமல் இருக்க ஒரு விரலை உள்ளே கொடுத்துக்கொண்டாள். அந்த விரல் முதுகில் பட்டபோது அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது.

"எதுக்கு இப்படி நடுங்குறே? தையல் ஒண்ணு விட்டிருக்கு, அவ்வளவுதான். கடைன்னா இதெல்லாம் இருக்கும். திங்கக்கிழமையிலேர்ந்து நீதானே வர்றவங்களுக்கெல்லாம் இப்படி எடுத்து விடப்போறே."

அண்ணியின் டீ தம்ளர் பாதியில் நின்றது.

"யாரு, இவளா?"

"உங்ககிட்ட சொல்லலையா?"

அண்ணி சிரித்தாள். வாய் மட்டும் சிரித்தது.

"நல்ல ஆளாப் பாத்துத்தான் வச்சிருக்கீங்க."

ஜிப் இறங்கிவிட்டது. முதுகில் காற்றுப் பட்டது.

அண்ணி போனுக்காகக் கையை நீட்டினாள்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு போனை மேஜைமேல் வைத்தாள். திரை மேலே இருக்கும்படி, அக்காவின் பக்கம் திருப்பி வைத்தாள்.



"போட்டோ எடுத்துட்டேன்க்கா. போன்லதான் வாங்குவோம். எல்லாக் கடையிலயும் இப்படித்தான்."

அக்கா திரையைக் குனிந்து பார்த்தாள். மெழுகுவத்தி இன்னும் கையில் இருந்தது.

அண்ணி தம்ளரைக் கீழே வைத்தாள். போனை எடுத்துக்கொண்டாள். உள்ளறைக்குள் போனாள். ஸ்டூலுக்குப் பின்னால் மாட்டியிருந்த நாத்தனார் போட்டு வந்த பழைய சுடிதாரை உருவி, சுருட்டி, தன் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.